மறுவிற்பனை வீடு, இன ஒதுக்கீடு, ‘இந்தியர் வேண்டாம்’ விளம்பரம்: எதை எப்படிப் பார்ப்பது?

தேடல்_செங்காங் கேட்டது:

சிங்கப்பூரில் 4 அறை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடு தேடுகிறோம். கணவன், மனைவி இருவரும் குடிமக்கள், இருவர் அடையாள அட்டையிலும் இனம் ‘இந்தியர்’. முகவர் சொல்வதில் சில விஷயங்கள் பிடிபடவில்லை.

ஒரு புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) “இந்தியர் ஒதுக்கீடு முடிந்துவிட்டது, பார்க்கவே வேண்டாம்” என்கிறார். அடுத்த தெருவில் ஓர் இந்திய உரிமையாளர் அக்கம்பக்கத்து விலையைவிடக் குறைத்துக் கேட்கிறார். ஏன் என்றால் “சீனர் ஒதுக்கீடு நிரம்பிய புளோக், உங்களுக்கு லாபம்தானே” என்று பதில் வருகிறது. சீனர் ஒதுக்கீடு நிரம்பினால் இந்தியர் வீட்டு விலை ஏன் இறங்க வேண்டும்? உண்மையிலேயே லாபம்தானா?

வீடு அமையும்வரை வாடகைக்கு இருக்கலாம் என்றால், எல்லோரும் முதலில் கேட்பது இனத்தைத்தான். அதற்குச் சட்டம் ஏதும் இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

முதலில் எண்கள். வீவக வீடுகளில் ஒவ்வோர் இனத்தாரும் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வரம்பு: ஒன்று புளோக் அளவில், இன்னொன்று அந்தக் குடியிருப்பு வட்டார அளவில். சீனருக்கு வட்டாரத்தில் 84 விழுக்காடு, புளோக்கில் 87. மலாய்க்காரருக்கு 22, 25. இந்தியரும் பிறரும் சேர்ந்து 12, 15. நமக்கான அளவு தொடக்கத்தில் 10, 13 ஆக இருந்தது, 2010 மார்ச்சில்தான் உயர்த்தினார்கள். மூன்றையும் கூட்டினால் 100ஐத் தாண்டும். எண்ணிக்கை கொஞ்சம் ஏறி இறங்க இடம் விட்டுப் போட்ட வரம்புகள் இவை.

இரண்டு வரம்பிலும் இடம் இருந்தால்தான் வழி திறக்கும். 100 வீட்டுப் புளோக்கில் இந்தியர் வீடு 11தான் என்று வையுங்கள். புளோக் கணக்கில் இன்னும் 4 இடம் இருக்கிறது. ஆனால் வட்டாரம் முழுக்க 12 விழுக்காடு நிரம்பியிருந்தால் அந்த 4 இடம் இருந்தும் பயனில்லை. முகவர்கள் புளோக்கை மட்டும் பார்த்துவிட்டு “இடம் இருக்கு” என்று சொல்வது இங்கேதான் தவறிப்போகிறது.

வரம்பு நிரம்பினால் அந்த இனத்தார் எண்ணிக்கை அதற்கு மேல் கூடக் கூடாது, அவ்வளவுதான் விதி. ஆகவே இந்தியர் வரம்பு நிரம்பிய புளோக்கை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். அங்கே விற்பவரும் இந்தியராக இருந்தால் நீங்கள் வாங்கலாம், எண்ணிக்கை மாறுவதில்லை. “பார்க்கவே வேண்டாம்” என்ற முகவர் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

இப்போது உங்கள் ‘லாபம்’. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஒரு சீனர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். அதே புளோக்கின் இந்திய உரிமையாளர் சீனருக்கு விற்க முடியாது, விற்றால் சீனர் எண்ணிக்கை ஒன்று கூடும். 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. அதாவது அவருக்கு வாங்க வரக்கூடியவர்களில் நாலில் மூன்று பங்கு ஒரே விதியில் போய்விடுகிறது. மறுபக்கம் பாருங்கள்: இந்தியர் வரம்பு நிரம்பிய புளோக்கில் சீன உரிமையாளர் இழப்பது அந்த 9 விழுக்காட்டையும் பிறர் பிரிவின் 3 விழுக்காட்டையும்தான். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். அதன் சுமை ஒன்றல்ல, சிறுபான்மை வீட்டுக்காரர் தலையில்தான் அதிகம் விழுகிறது. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும்.

ஆகவே குறைந்த விலைக்கு வாங்கினால் அதே குறையோடு விற்கவும் தயாராக இருங்கள். 20, 25 ஆண்டு அங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் அந்த வீடு நல்ல பேரம். ஐந்தாண்டு குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்ததும் விற்றுப் பெரிய வீட்டுக்குப் போகும் திட்டம் இருந்தால் தொடாதீர்கள்.

பார்க்கும் முறை: வீவக இணையத்தளத்தில் ஒதுக்கீட்டு நிலவரச் சேவை இருக்கிறது. புளோக் எண், தெரு, இனம், குடியுரிமை கொடுத்தால் முடிவு வரும். வாங்குபவராக ஒரு முறை பாருங்கள். பிறகு விற்பவர் இடத்தில் உங்களை வைத்து இன்னொரு முறை பாருங்கள். இரண்டாவதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. நிலவரம் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி மாறும். விற்பவர் உங்களுக்குத் தரும் வாங்கும் உரிமைப் பத்திரம் 21 நாள் செல்லும், ஆனால் உங்களைக் கட்டுப்படுத்துவது மறுவிற்பனை விண்ணப்பம் போடும் நாளின் நிலவரம். 20ஆம் தேதிக்கு மேல் பத்திரம் வாங்கி அடுத்த மாதம் விண்ணப்பித்தால் நடுவில் கதவு மூடிவிடலாம். ஒன்றிரண்டு இடமே மிச்சம் இருக்கிற புளோக் என்றால் மாதத் தொடக்கத்தில் பத்திரம் வாங்கி அதே மாதத்தில் விண்ணப்பத்தை முடித்துவிடுங்கள்.

---

தேடல்_செங்காங்:

விற்பவர் இடத்தில் நின்று பார்க்கத் தோன்றவே இல்லை. கணவன் மனைவி வெவ்வேறு இனம் என்றால் கணக்கு எப்படி?

---

கணக்குப்பிள்ளை:

இருவரில் ஒருவர் இனத்தைத் தேர்ந்துகொள்ளலாம். வாங்கும்போது எடுத்த இனமே விற்கும்போதும் நிற்கும், அதனால் யோசித்து எடுக்க வேண்டும். தமிழர், சீனர் இணை ஒரு சீனரிடமிருந்து, சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் வாங்கினால் சீனர் வீடாகப் பதிவது பின்னால் விற்க எளிது. அடையாள அட்டையில் இரட்டை இனம் இருந்தால் முதலில் உள்ளதே கணக்கு.

நிரந்தரவாசிகளுக்கு இன்னொரு வரம்பு உண்டு. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிக் குடும்பங்கள் வட்டாரத்தில் 5, புளோக்கில் 8 விழுக்காடு. இந்தியாவிலிருந்து வந்து நிரந்தரவாசம் பெற்றவர்கள் இன வரம்பு, நிரந்தரவாசி வரம்பு இரண்டையும் தாண்ட வேண்டும். குடும்பத்தில் ஒருவர் குடிமகன் என்றால் இரண்டாவது பொருந்தாது.

---

சாவிக்கொத்து எழுதியது:

வாடகைப் பக்கம் நான் சொல்கிறேன். மேலே சொன்ன இன வரம்பு வாடகைக்குக் கிடையாது. முழு வீட்டை வாடகைக்கு விடுவதில் உள்ள வரம்பு சிங்கப்பூர்க் குடிமக்களும் மலேசியரும் அல்லாதவருக்கு மட்டும்: வட்டாரத்தில் 8, புளோக்கில் 11 விழுக்காடு. அது குடியுரிமையைப் பார்ப்பது, இனத்தை அல்ல. அறை வாடகைக்கு அதுவும் இல்லை. ஆகவே யாராவது “உங்கள் இனத்துக்கு கோட்டா இல்லை” என்று வாடகைக்குச் சொன்னால் அது பொய்ச்சாக்கு.

சட்டம் கேட்டீர்கள். வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறியது, இனப் பாகுபாட்டைத் தடுக்கக் கொண்டுவரப்பட்டது, ஆனால் வேலைக்கு மட்டும். அரசியல் சட்டத்தின் 12ஆம் பிரிவு அரசையும் பொது அமைப்புகளையும் கட்டுப்படுத்துகிறது, தனி வீட்டுக்காரரைத் தொடுவதில்லை. வீட்டு உரிமையாளர் இனம் பார்த்து மறுத்தால் வழக்குப் போட நேரடியான சட்டம் இல்லை. பெரிய ஓட்டை இது, அடைக்கப்பட வேண்டியது.

முகவர் கதை வேறு. சொத்து முகவர் மன்றத்தின் வழிகாட்டுதல்படி, பதிவுபெற்ற முகவர் ஓர் இனத்தை ஒதுக்கியோ இழிவுபடுத்தியோ விளம்பரம் போடக் கூடாது. விளம்பரத்தில் முகவரின் பதிவு எண் இருக்கும், ஆர் எழுத்தில் தொடங்குவது. ‘இந்தியர் வேண்டாம்’ என்று கண்டால் தேதி, இணைய முகவரி, பதிவு எண் மூன்றும் தெரியும்படித் திரைப்பிடிப்பு எடுத்து மன்றத்துக்கு அனுப்புங்கள். சில மணி நேரத்தில் விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள், அதனால் முதலில் படம், பிறகு கேள்வி. குறுஞ்செய்தியில் மறுத்தாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுப்புக்கு இரண்டு முன்முடிவுகள்தான் காரணமாக வரும்: மசாலா நெடி, ‘ஒரு ஆள் பேர் சொல்லிப் பத்துப் பேர் தங்குவார்கள்’. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியதை ஒரு இனத்தின் குணமாக்கிவிடுகிறார்கள். இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம், எழுதினால் இனத்தைக் கேட்கவே அவசியமில்லை என்று உரிமையாளரிடம் சொல்லுங்கள். தங்குவோர் எல்லாரின் பெயரும் அடையாள எண்ணும் ஒப்பந்தத்தில் வரட்டும். எத்தனை பேர் என்ற உச்சவரம்பை வீவக வைத்திருக்கிறது, குடியிருப்போரைப் பதிவு செய்வது உரிமையாளர் கடமை.

சமையலுக்கு ‘லைட் குக்கிங்’ என்ற சொல்லை ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்கு யாரும் பொருள் சொல்லவில்லை, முன்பணத்தைப் பிடித்துக்கொள்ளும் நாளில் உரிமையாளர்தான் பொருள் சொல்வார். “தினசரிச் சமையல், தாளிப்பு, பொரியல் உட்பட அனுமதி; குடியிருப்பவர் புகைபோக்கியின் வலையை மாதம் ஒரு முறை கழுவ வேண்டும்” என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

நெடி நிற்பது மசாலாவால் என்பதைவிட எண்ணெயால்தான் என்று சொல்ல வேண்டும். தாளிக்கும்போது நுண்ணிய எண்ணெய்த் துளிகள் பறந்து திரைச்சீலையிலும் குளிர்சாதன வலையிலும் ஒட்டி, மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சீனச் சமையலில் பெரிய தீயில் வதக்கினாலும் இதேதான். அடுப்பு பற்றவைக்கும் முன்பே புகைபோக்கியைப் போட்டு, அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். அந்த நேரம் அருகறைக் குளிர்சாதனத்தை நிறுத்துங்கள், அதுதான் சமையலறைக் காற்றை இழுத்துச் சுற்றிவிடுவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குளிர்சாதனப் பராமரிப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கும், அந்த ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். ‘நெடி போகவில்லை’ என்று பிடித்தம் செய்தால் அவைதான் சாட்சி.

முன்பணம் வழக்கமாக ஓராண்டுக்கு ஒரு மாத வாடகை, ஈராண்டுக்கு இரண்டு மாதம். ஒப்பந்தத்துக்கு 14 நாளில் முத்திரைத் தீர்வை கட்டுங்கள். நாலாண்டுக்கு உட்பட்ட ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 2,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இரண்டாண்டு என்றால் 62,400க்கு ஏறக்குறைய 250 வெள்ளி. தீர்வை கட்டாத பத்திரம் வழக்கில் சான்றாக நிற்காது. முன்பணத் தகராறு என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: ஈராண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை, 20,000 வெள்ளி வரை, இருவரும் எழுதி ஒப்புக்கொண்டால் 30,000. வழக்கறிஞர் தேவையில்லை.

---

நீலமலர் எழுதியது:

கணக்குப்பிள்ளை சுமை பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஒதுக்கீடே வேண்டாம் என்று வாசிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

சேர்ந்து வாழ்வது எல்லாம் சொந்த விருப்பம் என்று பேசுகிறோம். இந்த ஊரில் இனவாரியாகக் குடியமர்த்தியதே ஆட்சிதான். 1822 நகரத் திட்டத்தில் சீனருக்கு ஆற்றின் தென்மேற்குக் கரை, சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களுக்குச் சூலியா கம்போங், மலாய், பூகிஸ், அரபு மக்களுக்குக் கம்போங் கிளாம் பக்கம் என்று கோடு போட்டார்கள். பிறகு வேலை சேர்த்தது: சிராங்கூன் சாலையில் மாட்டு வணிகம், செம்பவாங் கடற்படைத் தளத்தில் மலையாளிகளும் தமிழர்களும். 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் நடந்த கலவரங்களில் 36 பேர் இறந்தார்கள். வீவக பேட்டைகளிலும் பழையபடி பிடோக், தெம்பனீஸ் பக்கம் மலாய்க்காரர், ஹவ்காங்கில் சீனர், ஈசூனில் இந்தியர் என்று குவியத் தொடங்கியதும், அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன் இந்தக் கொள்கையைக் கொண்டுவந்தார்.

கோயிலுக்குப் பக்கத்தில், பெற்றோருக்குப் பக்கத்தில் இருக்க ஆசைப்படுவது ஒன்று. ‘அவர்கள்’ இருக்கும் இடம் வேண்டாம் என்பது வேறு. ஒதுக்கீடு இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை, இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. அதன் குறை அது. ஆனால் வரம்பே இல்லாத வாடகைச் சந்தையில் என்ன நடக்கிறது என்பதைச் சாவிக்கொத்து எழுதியதிலேயே பாருங்கள். விற்பனையும் அப்படி விடப்பட்டிருந்தால் நமக்குக் கிடைக்கும் பேட்டைகள் சுருங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

நெடி விஷயத்தில் 2011ஐ மறக்க வேண்டாம். சீனாவிலிருந்து புதிதாக வந்த குடும்பம் அண்டை வீட்டு இந்தியர் கறிக்குழம்பு வைப்பதைப் பற்றிப் புகார் சொல்லி, சமூக சமரச நிலையத்துக்குப் போன பழைய விவகாரம் அந்த ஆண்டு செய்தியானது. அண்டை வீட்டார் வெளியே போயிருக்கும்போது மட்டும் கறி சமைப்பது, அவர்களும் ஒருமுறை அதைச் சுவைத்துப் பார்ப்பது என்று முடிந்திருந்தது. ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21 அன்று எல்லா இனத்தாரும் வீட்டில் கறி சமைத்தார்கள். சமரசத்துக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்: புகைபோக்கி, சன்னல், நேரம் பற்றிப் பேசலாம், என்ன உணவு என்பதைப் பேச்சுக்கு எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். இருதரப்பும் கையெழுத்திட்ட உடன்பாடு கட்டுப்படுத்தும், படித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

---

சாவிக்கொத்து:

விற்க மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி, இங்கே யாரும் சொல்லவில்லை. இன வரம்பால் ஆள் கிடைக்காத உரிமையாளரின் வீட்டைக் கடைசி வழியாக வீவக தானே வாங்கும் ஏற்பாடு 2022இல் அறிவிக்கப்பட்டது. குறைந்தது 10 ஆண்டு உரிமையாளராக இருந்திருக்க வேண்டும், நியாயமான விலையில் 6 மாதமாவது உண்மையாக முயன்றிருக்க வேண்டும். ‘உண்மையாக’ என்பதைக் காட்ட விளம்பரப் பதிவுகள், வீடு பார்க்க வந்தவர்கள் நாள்வாரிப் பட்டியல், கிடைத்த விலைக் கோரிக்கைகள், ஒவ்வொரு மாதம் 1ஆம் தேதி எடுத்த ஒதுக்கீட்டு நிலவரப் படம் எல்லாம் சேர்த்து வையுங்கள். சுற்றுவட்டாரத்தில் அண்மையில் பதிவான விலைகளைவிட மிக உயர்த்திக் கேட்டுவிட்டு ஆள் வரவில்லை என்றால் எடுபடாது.

---

தேடல்_செங்காங்:

எல்லோருக்கும் நன்றி. அந்தக் குறைந்த விலை வீட்டை இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்தேன்: வாங்க இடம் இருக்கிறது, விற்பவராகப் பார்த்தால் இந்தியர், மலாய்க்காரருக்கு மட்டும் என்று வருகிறது. 1ஆம் தேதி மறுபடி பார்த்துவிட்டு முகவரிடம் பேசுகிறோம்.