பொருள்: மறு: மறு: வேட்பாளர் தம்பி கேட்ட பணம்

தொராண்டோவிலிருந்து, செயலாளர்:

அன்பான ஊரவர்களுக்கு,

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணத்து நம் வட்டாரத்தில் சுயேச்சைக் குழுவில் நிற்கும் வாத்தியார் வீட்டுத் தம்பி, தமது துண்டுப்பிரசுரத்தையும் உதவி கேட்டு ஒரு கடிதத்தையும் அனுப்பியிருக்கிறார். இரண்டையும் இணைத்துள்ளேன். கேட்கும் தொகை மூன்று இலட்சம் ரூபாய். நம் ஊர்ச் சங்கம் கொடுப்பதா, விரும்பியவர்கள் தனித்தனியே கொடுப்பதா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அரசியல் வேண்டாம், கருத்து மட்டும்.

ஒஸ்லோவிலிருந்து, மடத்தடி வீட்டு இளையவள்:

செயலாளர் தம்பிக்கு,

தேர்தலில் நிற்பவரைப் பற்றி எழுதச் சொல்லிவிட்டு அரசியல் வேண்டாம் என்றால் மழையைப் பற்றித்தான் எழுத வேண்டும். சரி, மழையிலிருந்தே தொடங்குகிறேன்.

மார்கழியில் சின்னம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். பெங்கல் புயல் கொண்டுவந்த வெள்ளம் வடிந்து பல நாட்களாகியும் குசினிச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக்கோடு இருந்தது. சின்னம்மா வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததில்லை. புகுந்ததற்கு மழை மட்டும் காரணமில்லை. கோயில் கேணிக்கு ஓடும் வெள்ளவாய்க்காலின் மதகை மறித்து ஒரு மதில் எழும்பியிருக்கிறது. பூவரசங்கதியால் நின்ற இடத்தில் கொங்கிறீற்றுத் தூண், தூணின் தலையில் சிங்கம், நடுவில் பெரிய கேற், கேற்றில் துருப்பிடித்த பூட்டு. யாருடைய மதில் என்று நான் எழுதத் தேவையில்லை. குடிபூரல் படங்களை எல்லோரும் இந்தக் குழுவில்தான் பார்த்துப் பாராட்டினோம்.

சின்னம்மா பிரதேச சபைக்கு முறையிடப் போனபோது முறைப்பாட்டைக் கேட்பதற்கு உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மார்ச் 9ஆம் திகதி நடக்கவேண்டிய தேர்தலை, காசில்லை என்று சொல்லி அரசாங்கம் நடத்தாமல் விட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர்நீதிமன்றம் 2024 ஓகஸ்ட்டில் தீர்ப்பளித்தது. இடையில் அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் சின்னம்மாவிடம், "எழுதித் தாருங்கள் அம்மா" என்றாராம். எழுதிக் கொடுத்த கடிதம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

இனித் தம்பியின் துண்டுப்பிரசுரத்துக்கு வருகிறேன். ஏழு வாக்குறுதிகள். பிரதேச சபை உறுப்பினர் ஒருவரால் எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்று பார்த்து வாசித்தால் ஏழும் ஒரே நிறையில் இல்லை.

சந்தி வீதியைக் காப்பெற் போடுவேன் என்கிறார். அந்த வீதி மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியது. ஏ, பி தர வீதிகள் கொழும்பின் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், சி, டி தர வீதிகள் மாகாணத்திடம் இருக்கின்றன. சபைக்கு மிஞ்சுவது உள்வீதிகளும் குச்சொழுங்கைகளும்தான். குடிநீரும் அப்படியே. தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. அந்த நீரை எந்த ஒழுங்கைக்குக் குழாயில் கொடுப்பது என்பதை நீர் வழங்கல் சபைதான் தீர்மானிக்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உயர்நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு விதித்த பிறகும், நம் பக்கத்துச் சனம் கிணற்றை மோந்து பார்த்துத்தான் குடத்தை இறக்குகிறது. தம்பிக்கு அந்த வேதனை தெரியும். ஆனால் அவரிடம் இருக்கப்போவது ஒரு கை உயர்த்தும் உரிமை மட்டும்.

தெருவிளக்கு, சந்தை மலசலகூடம், கட்டாக்காலி நாய்கள், குப்பை வண்டி: இவை சபையின் வேலை. நாய்களுக்குக் கருத்தடை என்று எழுதியிருக்கிறார், பிடித்து எங்கே வைப்பார் என்று எழுதவில்லை. குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும் என்கிறார். கல்லுண்டாய்ப் பக்கம் எரிந்த குப்பையின் புகையைக் கண்டவர்கள் அதற்குத் தலையாட்டுவார்கள்.

ஏழாவதைத்தான் பலர் கடைசிப் பக்கம் வரை போகாமல் விட்டிருப்பீர்கள். பராமரிப்பில்லாத காணிகளைச் சபை துப்புரவாக்கிச் செலவை உரிமையாளரிடம் அறவிடும். சோலைவரி, அதாவது வீடு காணிக்குச் சபை அறவிடும் வரி, நிலுவையுள்ள பூட்டிய வீடுகளின் பட்டியல் அறிவித்தற்பலகையில் போடப்படும். வெள்ளவாய்க்காலை மறித்த கட்டடங்களும் மதில்களும் அளக்கப்படும்.

நம்மிடம் பணம் கேட்டு எழுதிய கடிதத்தோடு இதையும் ஒளிக்காமல் அனுப்பியிருக்கிறாரே, அந்தத் துணிவுக்காகவே எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. நம் ஒழுங்கையில் வரிசையாகப் பூட்டிய வீடுகள். வளவுகளில் பார்த்தீனியமும் நாயுருவியும் ஆளுயரம். மூடாத கிணறுகள், நீர் தேங்கிய உடைந்த தொட்டிகள். நுளம்பு பெருக இடம் கொடுத்தால் உரிமையாளர் மீது வழக்குத் தொடரலாம் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோட்டீஸ் ஒட்ட வந்தால் அதைக் கையொப்பமிட்டு வாங்க ஆளில்லை. அற்றோனித் தத்துவம் ஒருவரிடம், உறுதி இன்னொருவரிடம், திறப்பு மூன்றாமவரிடம்.

நம்மில் ஒருவருக்கும் அங்கே வாக்கில்லை. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இலங்கைச் சட்டத்தில் இடமே இல்லை. ஆகவே தேர்தலுக்குக் காசு அனுப்புவதைவிட நமது சோலைவரி நிலுவையைக் கட்டுவோம் என்பது என் கருத்து. யார் வென்றாலும் அந்தப் பணம் சபையின் கணக்கில் இருக்கும்.

பாரிஸிலிருந்து, கேணியடி அண்ணர்:

தங்கச்சி நேரடியாகவே எழுதியிருக்கலாம். மதில் என்னுடையது. சபையில் வரைபடம் கொடுத்து, காசு கட்டி, அனுமதி எடுத்துக் கட்டிய மதில். பற்றுச்சீட்டு என்னிடம் உண்டு.

இருபத்தேழு வருடம் உணவகச் சமையலறையில் கோப்பை கழுவிக் கட்டினேன். வாசிகசாலைக்குக் கூரை போட்டவர்கள் யார்? கோயில் தேர் முட்டிக்குச் சீமெந்து வாங்கியவர்கள் யார்? பள்ளிக்கூடத்துக்குக் கணினி அனுப்பியவர்கள் யார்? இன்று ஒரு பொடியன் நம்மிடம் கைநீட்டிக்கொண்டே நம் பெயரைப் பலகையில் ஒட்டப்போகிறானாம். ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களை வரி ஏய்ப்பவர்கள் என்று சந்தியில் தொங்கவிடுவதற்கு நாமே காசு கொடுக்க வேண்டுமா? சுயேச்சையாக நின்று வாக்கைப் பிரித்து யாருக்கு உதவப்போகிறார் என்பதையும் கேளுங்கள்.

சின்னம்மாவின் குசினிக்கு நானும் கவலைப்படுகிறேன். ஆனால் 1995 போர் இடப்பெயர்வில் சின்னம்மாவின் தையல் மெசினைச் சைக்கிளில் கட்டி நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை தள்ளிக்கொண்டு போனது யார் என்று தங்கச்சிக்கு ஒருவரும் சொல்லவில்லையா? அப்போது யாரும் என் காணியை அளக்கவில்லை.

இலண்டனிலிருந்து, முன்னாள் பொருளாளர்:

மதில் கதையை நீங்கள் தொலைபேசியில் பேசிக்கொள்ளுங்கள். நான் கணக்குக் கேட்கிறேன்.

ஒன்று. சுயேச்சைக் குழுவுக்கு வேட்பாளர் ஒருவருக்கான கட்டுப்பணம் 5,000 ரூபாய். மூன்று இலட்சத்தில் மீதி எதற்கு? ஒலிபெருக்கிக்கா, சாப்பாட்டுப் பார்சலுக்கா? 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவுச் சட்டப்படி செலவுக்கு உச்சவரம்பு உண்டு. இம்முறை சபைக்குச் சபை வாக்காளர் ஒருவருக்கு 74 ரூபாய் முதல் 160 ரூபாய் வரை என்று வர்த்தமானியில் வந்துவிட்டது. முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் வரவுசெலவு காட்ட வேண்டும். வெளிநாட்டில் பதிவான அமைப்பிடமிருந்தும், பெயர் சொல்லாதவரிடமிருந்தும் நன்கொடை வாங்குவதற்கும் அதே சட்டத்தில் தடை. நம் சங்கம் பதிவான இடம் தொராண்டோ. சங்கக் கணக்கிலிருந்து ஒரு சதம் போனாலும் மாட்டிக்கொள்வது அந்தப் பிள்ளைதான். செயலாளர் இதைப் பார்த்தாரா?

அதைவிட முக்கியமானது மயானக் கொட்டகைக் கணக்கு. தகரம் வாங்கியதாக எழுதப்பட்டிருக்கிறது. தகரத்துக்கான பற்றுச்சீட்டை இன்றுவரை நான் காணவில்லை. நான் பதவி விலகியதற்கு உடல்நலம் காரணம் என்று அறிக்கையில் எழுதியவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார். என் உடல் நன்றாகத்தான் இருக்கிறது.

மெல்பேணிலிருந்து, பனங்காணி வீட்டார்:

எல்லோருக்கும் வணக்கம். பணம் பற்றிப் பெரியவர்கள் முடிவு செய்யுங்கள். இளையவள் அக்கா, ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கேணியில் இன்னும் தண்ணீர் நிற்கிறதா? வாத்தியார் பிரம்போடு வருவதைக் கண்டதும் படிக்கட்டில் வைத்த உடுப்பை அள்ளிக்கொண்டு நாங்கள் ஈரத்தோடு ஓடுவோம். அவருடைய மகனா தேர்தலில் நிற்பது? எங்கள் வளவுக் கறுத்தக்கொழும்பான் மாமரம் காய்க்கிறதா?

ஒஸ்லோவிலிருந்து, மடத்தடி வீட்டு இளையவள்:

பனங்காணித் தம்பி, மரம் நிற்கிறது, நன்றாகவும் காய்க்கிறதாம். பழம் விழுந்து பற்றைக்குள் அழுகுகிறது. பாம்புக்குப் பயந்து பிள்ளைகள் உள்ளே போவதில்லை. உங்கள் வளவுக்கு எத்தனை வருட வரி நிலுவை என்று பாருங்கள். கேணியில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் வாய்க்கால் வழியாக வந்த தண்ணீர் இல்லை.

பாரிஸ் அண்ணை, தையல் மெசின் கதையைச் சின்னம்மா எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்த நன்றி இருப்பதால்தான் இன்றுவரை உங்கள் பெயரை எந்த முறைப்பாட்டிலும் எழுதாமல் வெறும் "மதில்" என்று எழுதுகிறார். முழு மதிலையும் உடைக்க வேண்டியதில்லை. மதகுக்கு நேரே நாலடி அகலத்தில் அடியைத் திறந்து கம்பி வலை போட்டால் தண்ணீர் போகும். மேசன் கூலியை நான் தருகிறேன். கேற்றின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று எழுதுங்கள்.

முன்னாள் பொருளாளர் மாமா சொன்ன சட்ட விளக்கத்துக்குப் பிறகு சங்கப் பணம் என்ற பேச்சை விட்டுவிடலாம். விரும்பியவர்கள் தம்பிக்குத் தனிப்படப் பெயரோடு அனுப்புங்கள். நானும் அனுப்புவேன், வீதிக் காப்பெற்றை மட்டும் பிரசுரத்திலிருந்து எடுக்கச் சொல்லி.

வரி கட்ட விரும்புகிறவர்கள் வரி மதிப்பீட்டு இலக்கத்தையோ உறுதிப் பிரதியின் முதற்பக்கத்தையோ எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். சின்னம்மாவின் பேரன் வெள்ளிக்கிழமை சபை அலுவலகத்துக்குப் போகிறான். ஜனவரிக்குள் கட்டினால் கிடைக்கும் பத்து வீதக் கழிவு இந்த வருடத்துக்குப் போய்விட்டது, அதைக் கேட்டு அவனை அலைக்கழிக்க வேண்டாம். வியாழன் இரவு வரை வந்தவற்றைத்தான் அவனிடம் கொடுப்பேன். ஒவ்வொருவருக்கும் தனிப் பற்றுச்சீட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன், மாமாவுக்காக.