மாகாண சபைக்குக் காத்திருந்த தம்பி

அந்தத் தம்பியை நான் முதலில் கண்டது 2013 ஆகஸ்ட்டில், இடம்பெயர்ந்த நாங்கள் இருந்த நலன்புரி நிலையத்துப் பொதுக் கிணற்றடியில். இலங்கையின் வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடக்கவிருந்த நேரம். 27 வயதுப் பெடியன். மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தார். தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்ற எங்களிடம் தன் விருப்பு இலக்கத்தைச் சொல்லி, "மூண்டு பேருக்குப் போடலாம் அக்கா, ஒண்டை எனக்குத் தாங்கோ" என்றார்.

நாங்கள் 1990இல் போரால் மயிலிட்டியை விட்டு வந்தவர்கள். காணி இராணுவத்தின் கையில் இருந்தது. வந்து கேட்ட எல்லா வேட்பாளரிடமும் ஒரே கேள்விதான் கேட்டோம்: எங்கட காணி எப்ப வரும்? மற்றவர்கள் வாக்குறுதி தந்தார்கள். இவர் மட்டும், மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் காணி அதிகாரம் எழுதப்பட்டிருந்தாலும் நடைமுறையில் அது மாகாணத்தின் கையில் இல்லை என்று விளங்கப்படுத்தினார். வாக்குக் கேட்க வந்த இடத்தில் அதைச் சொல்லத் துணிவு வேண்டும். நான் அவருக்கும் போட்டேன்.

செப்டெம்பர் 21இல் அவர் தோற்றார். விருப்பு வாக்கில் சொந்தப் பட்டியல் ஆட்களோடும் போட்டி போடவேண்டும். அந்தமுறை முதலமைச்சராக வந்த விக்னேஸ்வரன் ஐயா ஒருவரே 132,255 விருப்பு வாக்கு எடுத்தார். பெயர் தெரியாத இளம் ஆள் எங்கே நிற்பது?

2017 ஜூலையில் மயிலிட்டியில் ஒரு பகுதியை இராணுவம் விட, நாங்கள் திரும்பினோம். வீடு இல்லை, அத்திவாரம்தான் இருந்தது. 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தலில் தம்பி பிரதேச சபைக்குத் தெரிவானார். அதற்குப் பிறகுதான் அவரை உண்மையில் அறிந்தேன். ஒரு கொப்பி வைத்திருந்தார். தெருவிளக்கு, கிணறு இறைப்பு, பற்றை வெட்டுவது எல்லாம் திகதியோடு அதில் இருக்கும். செய்து முடித்ததை வெட்டிவிடுவார். எங்கள் ஒழுங்கைக்கு விளக்கு வர நாலு மாதம் பிடித்தது, ஆனால் வந்தது.

பிரதான வீதியில் மட்டும் மழைக்கு முழங்கால் தண்ணீர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போவார்கள். கேட்டபோது, "இது மாகாண வீதி அக்கா, சபை கை வைக்கேலாது" என்றார். சரி, மாகாணத்திடம் கேளுங்கள் என்றேன். அங்கேதான் சிக்கல். 2018 ஒக்டோபரில் வடக்கு மாகாண சபையின் காலம் முடிந்துபோனது. மக்கள் தெரிவுசெய்த ஒருவரும் அங்கே இல்லை, ஆளுநரும் அதிகாரிகளும்தான். 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். அதற்காகத் தொகுதிகளைப் பிரித்த எல்லை நிர்ணய அறிக்கையை அடுத்த வருடம் பாராளுமன்றம் தோற்கடித்தது. பழைய முறையில் நடத்தவும் சட்டம் இடம் தரவில்லை. 13ஆம் திருத்தத்தைப் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசும் எங்கள் தலைவர்களும் இதற்காகப் போதிய அளவு போராடவில்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

தம்பி அடுத்த மாகாணத் தேர்தலுக்கு ஆயத்தமாகத்தான் இருந்தார். இரவில் மாகாணச் சட்டங்களை வாசிப்பார். எந்த வீதி யாருக்குச் சொந்தம், எந்தப் பள்ளிக்கூடம் மாகாணத்தின் கீழ் என்று அந்தக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். 2019, 2020 போனது. 2023 மார்ச்சில் பிரதேச சபையும் கலைந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசு இல்லை என்று தள்ளிப்போனது. கட்டுப்பணமும் கட்டி, துண்டுப்பிரசுரமும் அடித்துவிட்டார். அதற்கு மனைவியின் சங்கிலி அடைவுக்குப் போனது. இதை அவர் சொல்லவில்லை, அந்தப் பிள்ளைதான் ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

கடைசியில் 2025 மே 6இல் தேர்தல் வந்தது. வேட்புமனுவில் நாலில் ஒரு பங்கு 35 வயதுக்குள் இருக்கவேண்டும் என்பது இப்போது சட்டம். நல்ல சட்டம்தான், எனக்கு அதில் மறுப்பு இல்லை. தம்பிக்கு 39. பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

போன மாதம் சுன்னாகம் சந்தையில் கண்டேன். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. பின்னேரங்களில் கணிதம் படிப்பிக்கிறாராம். மாகாணத் தேர்தல் வந்தால் கேட்பீர்களோ என்றேன்.

"வரட்டும் அக்கா" என்றார். பிறகு, "உங்கட வீதியில இப்பவும் தண்ணி நிக்குதோ?" என்று கேட்டார். நிற்குது என்றேன்.