டைப்-சியில் 38 எம்பிதான் வருகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. தங்கை கல்யாண வீடியோ 200 ஜிபி. அதை வெளி எஸ்எஸ்டிக்கு (வேகமான சேமிப்பு டிரைவ்) மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆகிறது. வேகம் நொடிக்கு 38 எம்பியைத் தாண்டவே மாட்டேன் என்கிறது.

எஸ்எஸ்டியோடு வந்த கேபிள் தொலைந்துவிட்டது. போன் சார்ஜர் கேபிளைத்தான் லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டில் செருகியிருக்கிறேன். அதே லேப்டாப்பில், உள்ளே நீலப் பட்டை தெரியும் யூஎஸ்பி 3.0 போர்ட்டில் என் பழைய ஹார்ட் டிஸ்க் 110 எம்பி கொடுக்கிறது! டைப்-சி என்பது வாயின் வடிவம் மட்டுமே, வேகம் வேறு என்பது புரிகிறது. 38 எம்பி என்பது பழைய யூஎஸ்பி 2.0 வேகம்; அதன் உச்சவரம்பு நொடிக்கு 480 மெகாபிட், அதாவது ஏட்டில் 60 எம்பி, நடைமுறையில் அதைவிடக் குறைவு.

சரி, தடை கேபிளா, போர்ட்டா? புது கேபிள் வாங்குமுன் எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்கினால் 5 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 5 கிகாபிட்) போதுமா, 10 வேண்டுமா? லேப்டாப்பில் இடமே இல்லை, சீக்கிரம் சொல்லுங்கள்.