மரக்கன்றுகளை ராத்திரியில் எதுவோ கடிக்கிறது: எந்த விலங்கு, எப்படிக் காப்பாற்றுவது?

புதுக்கன்று:

எல்லோருக்கும் வணக்கம். காட்டை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தில் போன மழைக்கு நாற்பது கன்றுகள் நட்டோம். பாதி பழமரம், பாதி நிழல் மரம், ஓரத்தில் கொஞ்சம் பூச்செடிகள். நன்றாகத்தான் வேர் பிடித்தன. இப்போது கொஞ்ச நாளாகக் காலையில் போய்ப் பார்த்தால் ஏதாவது ஒன்று சேதமாகியிருக்கிறது. சில கன்றுகளில் கொழுந்தே இல்லை. வரப்போரம் இருக்கும் சின்னக் கன்றுகளில் தண்டு சாய்வாக, சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கிறது. நன்கு வளர்ந்த ஒரு கன்றில் இடுப்பு உயரத்தில் பட்டை உரிந்து நார்நாராகத் தொங்குகிறது. இரண்டு பழக்கன்றுகளில் தரையை ஒட்டிப் பட்டையைச் சுரண்டி, உள்ளே வெள்ளைக் கட்டை தெரிகிறது. எந்த விலங்கையும் இதுவரை கண்ணால் பார்க்கவில்லை.

பக்கத்து நிலத்துக்காரர் விஷம் வையுங்கள் என்கிறார். இன்னொருவர் கம்பி கட்டி ராத்திரியில் கரண்ட் விடச் சொல்கிறார். இரண்டுக்கும் மனசு ஒப்பவில்லை. மொத்த நிலத்துக்கும் உயரமான வேலி போட இப்போது வசதி இல்லை. இது எதன் வேலை? பட்டை போன கன்றுகள் பிழைக்குமா?

ஓடைக்கரை:

எங்கள் பக்கம் மான் தொல்லைக்கு முட்டைக் கரைசல் ஓரளவு கைகொடுத்தது. முட்டையைத் தண்ணீரில் அடித்துக் கலக்கி, வடிகட்டி, இலைமேல் தெளிப்போம். அந்த நாற்றத்துக்கு ஒதுங்கிப் போகும். மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். முடி, சோப்புத் துண்டு எல்லாம் கட்டிப் பார்த்தோம். முதலில் பயந்தது, அப்புறம் பழகிவிட்டது. விவரமாக நிழல் அக்கா சொல்வார்.

நிழல்விரும்பி:

தம்பி, நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் வருவது ஒரே விலங்கு இல்லை என்றுதான் தோன்றுகிறது. காட்டோரத்தில் கன்று வளர்ப்பதுதான் இத்தனை வருஷமாக என் வேலை. எந்தக் கன்றில் சேதம் என்றாலும் முதலில் குனிந்து கடிவாயைத்தான் பார்ப்பேன். வலை, கம்பி எல்லாம் அதற்கப்புறம்தான்.

மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பற்களால் பிடித்து இழுத்துத்தான் பறிக்கும். அதனால் அது கடித்த நுனி பிய்ந்துபோய், ஓரம் நாராக இருக்கும். முயலுக்கு மேலும் கீழும் உளி மாதிரிப் பல். கிளையைச் சாய்வாக, கத்தி பட்டதுபோல நறுக்கிவிடும். வரப்போரக் கன்றுகளில் நீங்கள் பார்த்தது அநேகமாக முயல். பின்காலில் எழுந்து நின்றாலும் அதற்கு இரண்டடி உயரத்துக்கு மேல் எட்டாது. அதற்கு மேலே கொழுந்து போயிருந்தால் மான் என்று எடுத்துக்கொள்ளலாம். புழுக்கையையும் பாருங்கள். முயலுடையது உருண்டையாக இருக்கும், மானுடையது கொஞ்சம் நீளவாக்கில்.

இடுப்பு உயரத்தில் பட்டை உரிந்தது தின்பதற்காக நடந்ததில்லை. ஆண் மானுக்குப் புதுக் கொம்பு வளரும்போது மேலே மெல்லிய ரோமத்தோல் மூடியிருக்கும். கொம்பு முற்றியதும் அந்தத் தோலைத் தேய்த்து உதிர்க்கும். இணை சேரும் காலத்திலும் தன் வாசனையை விட்டுப்போக மரத்தில் உரசும். வளைந்து கொடுக்கிற, கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரையான பருமனுள்ள தண்டுதான் அதற்குப் பிடிக்கும். இத்தகைய கன்றுக்கு முட்டைக் கரைசல் தெளித்துப் பயனில்லை, அது அங்கே தின்ன வரவில்லையே. தண்டைச் சுற்றி வலையோ, இரண்டு மூன்று குச்சிகளோ நட்டுக் கொம்பு படாமல் தடுத்தால் போதும்.

தரையோரம் பட்டை போனதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. எலியாக இருக்கலாம், முள்ளம்பன்றியாகவும் இருக்கலாம். பல் தடம் நூல் நூலாக, குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் எலி. அகலமாக, ஆழமாக, கட்டையிலும் கொஞ்சம் சேர்த்துச் சுரண்டியிருந்தால் முள்ளம்பன்றி. பக்கத்தில் முள் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். அடிமரத்தைச் சுற்றி மூடாக்கு, அதாவது காய்ந்த தழை, வைக்கோல் மாதிரி ஏதாவது, போட்டிருக்கிறீர்களா? பட்டை எவ்வளவு போயிருக்கிறது, சுற்றிலுமா, ஒரு பக்கம் மட்டுமா? ஒட்டுக்கன்றா, அதாவது ஒரு கன்றின் அடித்தண்டில் வேறு ரகத்தின் கிளையை ஒட்டி வளர்த்ததா? இதைச் சொல்லுங்கள்.

விஷம் வைக்கவே வேண்டாம். விஷம் தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடிக்கொண்டு வெளியே வரும். அதை ஆந்தையோ கீரியோ பிடித்துத் தின்றால் அதற்கும் விஷம் ஏறும். எலியைக் குறைப்பதே அவைதான். கம்பியில் நேரடியாகக் கரண்ட் விடுவது அதைவிடக் கொடுமை. ராத்திரி அந்த வழியாக நடக்கிற மனிதரும் சாவார்கள். முறையான மின்வேலி வேறு. அதற்கென்று உள்ள கருவி ஒரு நொடிக்கொரு தரம் சின்னத் துடிப்பாகத்தான் மின்சாரம் அனுப்பும், அதிர்ச்சி கொடுத்து விரட்டும், கொல்லாது. வீட்டு இணைப்பிலிருந்து கம்பி இழுத்து அந்த வேலையைச் செய்யவே முடியாது.

புதுக்கன்று:

அக்கா, மிக்க நன்றி. இன்று போய்ப் பார்த்தேன். மேலே போன கொழுந்துகள் பிய்ந்துதான் இருக்கின்றன, கீழே சாய்வு வெட்டு. தரையோரம் இருப்பது சின்னச் சின்னப் பல் தடம். மூடாக்கு நிறையவே போட்டிருந்தோம், தண்டைத் தொட்டுக்கொண்டு. கையால் விலக்கினால் அடியில் விரல் நுழைகிற அளவில் வளைகள். ஒரு கன்றில் கால்பங்கு பட்டைதான் போயிருக்கிறது. இன்னொன்றில் முழு வளையமாகப் போய்விட்டது, ஆனால் இலை இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. இரண்டுமே ஒட்டுக்கன்றுகள். காயத்துக்குத் தார் பூசலாமா?

நிழல்விரும்பி:

தார் வேண்டாம் தம்பி, பெயின்டும் வேண்டாம். கால்பங்கு போன கன்று பிழைத்துவிடும். தொங்குகிற பட்டையை மட்டும் கூர்மையான கத்தியால் நல்ல பட்டை வரைக்கும் சீவி ஓரத்தைச் சுத்தம் செய்யுங்கள். மீதியை அதுவே மூடிக்கொள்ளும்.

முழு வளையம் போனதில் இலை பச்சையாக இருப்பதைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். தண்ணீர் கட்டை வழியாக மேலே ஏறும், அதனால் இலை வாடாது. இலை சமைக்கிற சத்து பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும், அந்த வழி அறுந்துபோச்சு. வேர் பட்டினி கிடந்து மெல்லச் சாகும், அதற்கப்புறம்தான் மேலே தெரியும். ஒரு வழி இருக்கிறது. அதே மரத்திலிருந்து பென்சில் பருமனில் குச்சிகள் வெட்டி, காயத்துக்குக் கீழே ஒரு முனை, மேலே ஒரு முனை என்று பட்டைக்கு அடியில் செருகிப் பாலம்போல ஒட்டுக் கட்டுவது. குச்சி மரத்தில் எந்தப் பக்கம் மேலாக இருந்ததோ அதே பக்கம் மேலே வர வேண்டும். பட்டை கட்டையிலிருந்து லேசாகப் பிரிகிற பருவத்தில்தான் செருக முடியும். ஒட்டுக் கட்டத் தெரிந்தவரைக் கூப்பிட்டுச் செய்யுங்கள். ஆனால் உங்கள் கன்று அவ்வளவு இளசு என்றால் புதுக்கன்று நடுவதே மேல். அடியிலிருந்து துளிர்த்தாலும், ஒட்டுக்குக் கீழே வருவது நீங்கள் வாங்கிய ரகமாக இருக்காது, அதையும் கவனியுங்கள்.

இனி காவல். மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், அதைச் சுற்றிப் புல்லும் வேண்டாம். மறைவிடம் இல்லாவிட்டால் எலி வெட்டவெளியில் வரப் பயப்படும். அடித்தண்டைச் சுற்றி 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலை, கீழ்ப்பக்கம் சில அங்குலம் மண்ணுக்குள் போகட்டும். முயலுக்கு 25 மில்லிமீட்டர் கண்ணுள்ள கோழிவலை போதும், இரண்டடி உயரம், அடியை வெளிப்பக்கமாக மடக்கி மண்ணைப் போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் தோண்டி நுழையும். மானுக்கு ஐந்து ஆறடிக் கூண்டு வேண்டும். வலை கன்றை ஒட்டி இருந்தால் மூக்கை நுழைத்தே கொழுந்தை எடுத்துவிடும், அதனால் ஒன்றரை அடியாவது தள்ளிக் கழி நட்டுக் கட்டுங்கள்.

கொழுந்து போன கன்றுகளைப் பிடுங்கிவிடாதீர்கள். நுனி போனதும் பக்கத்து மொட்டுகள் எல்லாம் போட்டிபோட்டு எழும்பும். நேராக வருகிற ஒன்றை விட்டு மற்றதைக் கவாத்து செய்தால் மறுபடி ஒரு தண்டு மரமாகிவிடும்.

மேட்டுவேலி:

அக்கா சொன்னதோடு ஒன்று. மான் எட்டடி வேலியையும் தாண்டக்கூடியது. ஆனால் இறங்கும் இடம் குறுகலாக இருந்தால் குதிக்கத் தயங்கும். நாங்கள் ஒரு வேலிக்கு நாலடி உள்ளே இன்னொரு வேலி போட்டோம், இரண்டுமே நெஞ்சு உயரம்தான். உயர்ந்த ஒற்றை வேலிக்குப் பதில் இது நன்றாகவே நிற்கிறது. எல்லாவற்றையும் காக்க முடியாவிட்டால் பழக்கன்றுகளை ஒரு மூலையில் சேர்த்து அதை மட்டும் வளையுங்கள்.

புதுக்கன்று:

அருமை ஐயா. மூடிய பிளாஸ்டிக் குழாய் போட்டால் வலை தேவையில்லையா? எப்போது கழற்றுவது?

நிழல்விரும்பி:

குழாய்க்குள் கன்று சீக்கிரம் உயரும், ஆனால் காற்றில் ஆடாததால் தண்டு ஒல்லியாகவே நிற்கும். போட்டால் காற்றோட்டத் துளை உள்ளதாகப் பாருங்கள். மேல் வாயில் வலை போடுங்கள், சின்னப் பறவைகள் உள்ளே விழுந்து சிக்கிக்கொள்ளும். கொழுந்து வலையை வெளியே தள்ளத் தொடங்கும்போது அதை எடுத்துவிடுங்கள். எதைப் போட்டாலும் வருஷத்துக்கு ஒரு தரமாவது தளர்த்துங்கள். தண்டு பருத்து வலை உள்ளே பதிந்தால் எலி செய்த அதே வேலையை வலை செய்துவிடும். கொழுந்து மானின் வாய்க்கு எட்டாத உயரம் போனதும் மேல்கூண்டை எடுக்கலாம். அடிவலை மட்டும் பட்டை தடித்துச் சொரசொரப்பாகும் வரை இருக்கட்டும்.

யூரியா போடுகிறீர்கள் என்றால் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள் தம்பி. தழைச்சத்து ஏறிய இளங்கொழுந்தைத்தான் மான் தேடி வந்து கடிக்கும். கூண்டு கட்டி முடித்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.