மழை லீவுக்குச் சனிக்கிழமை ஈடு: அந்த 220 கணக்கு

கடலூர்க்காரன்:
மழைக்கு விட்ட ஒவ்வொரு நாளுக்கும் அரசுப் பள்ளி சனிக்கிழமை நடந்தே ஆகணும். கல்வி உரிமைச் சட்டம் 220 வேலை நாள் கேக்குது. வாத்தியாருக்குச் சம்பளம் மட்டும் முழுசா வேணுமாக்கும்.

சிவப்புமை:
வந்துட்டாருய்யா 220ஐத் தூக்கிட்டு. எந்த வகுப்புக்கு 220? 2009 சட்டத்தோட அட்டவணையப் பிரிச்சுப் பாருங்க. ஒண்ணு முதல் அஞ்சு வரைக்கும் 200 நாள், 800 மணி நேரம். ஆறு முதல் எட்டுக்குத்தான் 220 நாள், 1000 மணி நேரம். ஒன்பதாவதுக்கு மேல அந்த அட்டவணையே கிடையாது. மூணாப்புப் பிள்ளைய சனிக்கிழமை இழுத்துட்டு வர எதுக்கு 220?

கடலூர்க்காரன்:
ஆறாவதுக்கு 220 தானே? அப்ப 220 தானே?

சிவப்புமை:
40 நிமிஷப் பாடவேளை எட்டு வச்சா ஒரு நாளைக்கு 5 மணி 20 நிமிஷம். 188 நாள்லயே 1000 மணி தாண்டிடும். 2024-25 நாட்காட்டியில 220ன்னு போட்டு அரசே அப்புறம் 210ஆ குறைச்சதே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?

அட்டவணை அண்ணாச்சி:
சிவப்புமை, பெருக்கல் சரி, சட்டம் தப்பு. நாளும் வேணும், மணியும் வேணும். ஒண்ணு இருந்தா போதும்னு அதுல எங்கயும் இல்ல. அது கிடக்கட்டும், சனிக்கிழமை எந்தக் கிழமையோட கால அட்டவணை? திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விட்டா கலெக்டர் ஆணையிலயே ஈடு செய்யுற தேதி இருக்கும். மழை லீவு விடியக்காலை டிவியில ஓடும், தேதி இருக்காது. அப்புறமா சி.இ.ஓ. (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ் சுற்றறிக்கை வரும். போனது ரெண்டு வியாழக்கிழமை, ஈடு செய்யுறது திங்கள் அட்டவணையில. வியாழன் போன அறிவியல் பீரியட் போனது போனதுதான். நாள் கணக்கு மட்டும் நேராயிடும்.

கடலூர்க்காரன்:
அப்ப 220 சட்டத்துல இருக்குன்னு அண்ணாச்சியே சொல்லிட்டாரு.

சிவப்புமை:
அண்ணாச்சி எது சொன்னாலும் அதுல 220 மட்டும்தான் காதுல விழுது. முன்னாடி காலாண்டு லீவு பத்திப் பேசினப்பவும் இதே கதைதான்.

நான் சொல்றது வேற. வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும். கீழ் வகுப்புகளுக்கு ரெண்டாம் பருவமும் அதே மூணு மாசம்தான். காலாண்டு லீவு, ஆயுதபூஜை, தீபாவளி போக மிச்சத்தைத்தான் மழை தின்னுது. அந்த ஓட்டையை பிப்ரவரி சனிக்கிழமையில அடைச்சா என்ன பிரயோஜனம்? அப்ப கையில மூணாம் பருவப் புத்தகம் இருக்கும். 2015 வெள்ளத்துல அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குப் போச்சு. மூணாம் பருவத்துல அத்தனை நாள் அடி. பிளஸ் டூவுக்கு பிப்ரவரின்னா செய்முறைத் தேர்வு, அங்க ஈடுங்கிற பேச்சே எடுபடாது.

கலெக்டர் லீவு முடிஞ்சதும் பள்ளி திறந்துடுதுன்னு நினைப்பு வேற. நிவாரண முகாம் போட்ட பள்ளின்னா ஜனம் காலி பண்ணணும், வகுப்பறை கழுவி பிளீச்சிங் பவுடர் போடணும், நனைஞ்ச சுவர்ல இருக்குற சுவிட்சு போர்டை வேற யாரும் தொடுறதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியன் பாக்கணும். அந்த நாளெல்லாம் எந்த லீவு ஆணையில இருக்கு? விட்டுப்போன பாடவேளையைப் பாடவாரியா எழுதி, விளையாட்டு, கைத்தொழில் பீரியட்ல கணக்கையும் அறிவியலையும் அந்த வாரமே ஏத்தணும். சனிக்கிழமை தேவைப்படாது.

விசில்:
எதுக்கெடுத்தாலும் விளையாட்டு பீரியட்தான் இளிச்சவாயா? வாரத்துக்கு ரெண்டு இருந்தாலே பெருசு. மழைவிட்டா மைதானத்துல தண்ணி, தண்ணி வத்தினா கணக்கு வாத்தியார்.

சிவப்புமை:
தண்ணி நிக்கிற மைதானத்துல நீச்சலா சொல்லித் தரப்போறீங்க?

விசில்:
விதிமுறை, தியரி, யோகானு வகுப்புக்குள்ளயே நடத்த எவ்வளவோ இருக்கு. பாடத்திட்டமே தெரியாதவங்க பாடவேளை பிரிக்க வந்துட்டாங்க.

கடலூர்க்காரன்:
பேச்சை மாத்தாதீங்க. 220க்குப் பதில் எங்க?

அட்டவணை அண்ணாச்சி:
சனிக்கிழமை வைக்கச் சொல்றவரு சத்துணவுக்கும் ஒரு வழி சொல்லிட்டுப் போங்க. அமைப்பாளருக்கு முந்தின நாளே தகவல் போகலைன்னா உலையே வைக்க மாட்டாங்க. வாரத்துக்கு 5 முட்டைக் கணக்கு. ஆறாவது நாள் முட்டை யார் தருவா?

கடலூர்க்காரன்:
மழை நாள்ல போடாத முட்டை மிச்சம் இருக்குமே.

அட்டவணை அண்ணாச்சி:
நவம்பர் முட்டையை ஜனவரியில வேகவைக்கப் போறீரா? கடலூர்ல அப்படியா வழக்கம்?

கடலூர்க்காரன்:
ஊரை இழுக்காதீங்க அண்ணாச்சி. உங்க ஊர்ல மழையே பெய்யாது, லீவு மட்டும் எங்களுக்கு முன்னாடியே விட்டுருவாங்க.