புதுச்சேரி நம்பர் போர்ஷ 911: பெங்களூரில் வாங்கலாமா?

இந்திராநகர்வாசி: பழைய போர்ஷ 911 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பார்த்திருக்கேன், வரி குறைவான புதுச்சேரி பதிவு. ஆர்டிஓ சிக்கல் வருமா? அபார்ட்மெண்டில் 'வரி ஏய்ப்பு வண்டி'ன்னு பேசுவாங்களோன்னும் தயக்கம்.

கோரமங்களா_கியர்: பேசத்தான் செய்வாங்க. ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்தால் இங்கே கண் நேராக நம்பர் பிளேட்டுக்குத்தான் போகும். 2025 பிப்ரவரியில் போக்குவரத்துத் துறை வெளிமாநிலச் சொகுசு கார்களைப் பிடித்த பிறகு இன்னும் அதிகம். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் மறுபதிவு கட்டாயம். புதுச்சேரியில் படிவம் 28 போட்டு என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கணும், பிறகு இங்கே படிவம் 27. 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 18%, அதன்மேல் செஸ் (கூடுதல் வரி) தனி. வண்டியின் வயதுக்கேற்பக் குறையும். அதைக் கழித்துத்தான் விலை பேசணும். "என்ஓசி அப்புறம் தர்றேன்" என்றால் முன்பணம் கொடுக்கவே கொடுக்காதீங்க; கடனோ அபராதச் சலானோ பாக்கி இருந்தால் என்ஓசி அங்கேயே நிற்கும்.

டயர்_தேதி: முன் ஆக்சில் லிஃப்ட் இருக்கான்னு பாருங்க சார். மூக்கு சுமார் 40 மிமீ உயரும். இல்லாட்டி நம்ம ஊர் ஹம்ப்பில் (வேகத்தடையில்) உரசும். பம்பருக்கு அடியில் கையை விட்டுத் தடவுங்க, கீறல் தட்டுப்படும். டயர் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரம். டயர் பட்டன் (தரையைத் தொடும் மேடுகள்) புதுசாத் தெரிந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், மழையில் வழுக்கும்.