ஓபன்எம்சி: கே மதிப்பு 1-ஐத் தொடவே இல்லை, உதவுங்கள்

பென்னாகரம் மலர்:
வணக்கம். எம்.எஸ்சி ப்ராஜெக்டுக்கு, உலைக்குள் நியூட்ரான்களின் போக்கைக் கணக்கிடும் ஓபன்எம்சி நிரலில் தோரியம் 'பின் செல்' (ஒரே ஒரு எரிபொருள் கம்பியும் அதைச் சுற்றிய நீரும்) ஓட்டுகிறேன். கே, அதாவது ஒரு தலைமுறை நியூட்ரான் அடுத்த தலைமுறையில் எத்தனை மடங்காகிறது என்ற எண், 0.7 பக்கத்திலேயே நிற்கிறது; 1-க்குக் கீழே இருந்தால் தொடர்வினை அணைந்துவிடுமே. மூன்று நாளாக இதே கதைதான். திங்கட்கிழமை மேடத்திடம் காட்ட வேண்டும். எங்கே தப்பு?

ஓசூர் கோபி:
யுரேனியம்-233 எத்தனை சதவீதம்? நியூட்ரான் வேகத்தைக் குறைக்கும் மாடரேட்டர் எது? எல்லை நிபந்தனை? ஒன்றுமே சொல்லவில்லையே தங்கச்சி. மெட்டீரியல் வரிகளை அப்படியே போடு.

பாலக்கோடு சேகர்:
வெப்பநிலைதான், சந்தேகமே வேண்டாம். எரிபொருள் சூடானால் டாப்ளர் விரிவு வரும், அதாவது பிடிபடும் நியூட்ரான் ஆற்றல்களின் வரம்பு அகலும், தோரியம்-232 இன்னும் அதிகமாக நியூட்ரானை விழுங்கும். போன வருடம் நானும் இதில்தான் மாட்டினேன்.

நியூட்ரான் தாத்தா:
கே-யைக் கணக்கிடும் நான்கு காரணி வாய்பாட்டைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் நேராகக் கணினியைத் தட்டினால் இப்படித்தான். யு-233 விழுங்கும் ஒவ்வொரு வெப்ப நியூட்ரானுக்கும் (வேகம் குறைந்த நியூட்ரான்) சுமார் 2.29 நியூட்ரான் திரும்ப வரும் என்பதாவது தெரியுமா?

அரூர் வேலு:
தோரியமே எரிபொருள்தானே? மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிறதே. அதில் யுரேனியம் எதற்கு?

நியூட்ரான் தாத்தா:
தோரியம் தானாகப் பற்றிக்கொள்ளாது தம்பி. ஒரு நியூட்ரானை விழுங்கித் தோரியம்-233 ஆகி, 22 நிமிட அரை ஆயுளில் புரோட்டாக்டினியம்-233 ஆகி, அதிலிருந்து 27 நாள் அரை ஆயுளில் யு-233 ஆக வேண்டும். கல்பாக்கத்தின் காமினி ஆராய்ச்சி உலை ஓடுவது அந்த யு-233-இல்தான்.

அரூர் வேலு:
சரி. ஆனாலும் சாதாரண நீரில் தோரியம் வேலைக்காகாது, கனநீர் வேண்டும்.

ஓசூர் கோபி:
அமெரிக்காவில் ஷிப்பிங்போர்ட் உலை 1977 முதல் 1982 வரை சாதாரண நீரில்தான் தோரியம், யு-233 வைத்து ஓடியது. இதை அப்புறம் பேசலாம், அந்தப் பெண் காத்திருக்கிறாள்.

பென்னாகரம் மலர்:
மன்னிக்கவும், கரண்ட் போய்விட்டது. யு-233 4%, மீதி தோரியம், ஆக்சைடு. சாதாரண நீர். சுற்றிலும் நியூட்ரானை உள்ளேயே திருப்பும் பிரதிபலிப்பு எல்லை. நீருக்கு ஹைட்ரஜன் 0.1119, ஆக்சிஜன் 0.8881 கொடுத்திருக்கிறேன். வேறு எதுவும் கொடுக்கவில்லை.

ஓசூர் கோபி:
அந்த இரண்டும் எடை விகிதம்! எந்த வகை விகிதம் என்று சொல்லாவிட்டால் ஓபன்எம்சி அதை அணு விகிதமாகத்தான் எடுத்துக்கொள்ளும். நூறு அணுவில் 67 ஹைட்ரஜன் இருக்க வேண்டிய நீரில் 11தான் இருக்கிறது. கிராம் அடர்த்தி மாறாததால் மொத்த அணுக்களும் குறைந்து, ஹைட்ரஜன் 14 மடங்கு சரிந்துவிட்டது. வேகம் குறையாத நியூட்ரான்களைத் தோரியம் வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1 என்று மாற்று, இல்லையென்றால் வகையை 'டபிள்யூஓ' (எடை விகிதம்) என்று கொடு. நீர் மூலக்கூறில் மெதுவான நியூட்ரான் எப்படிச் சிதறும் என்று சொல்லும் வெப்பச் சிதறல் தரவையும், அதுதான் எஸ் ஆல்ஃபா பீட்டா, மறக்காமல் சேர். சேகர், டாப்ளர் சில சதவீதம் இழுக்கும், 0.7 வரை இறக்காது.

பென்னாகரம் மலர்:
1.2 தாண்டிவிட்டது! ரொம்ப நன்றி அண்ணா. பஸ்ஸுக்கு நேரமாச்சு.

பாலக்கோடு சேகர்:
வெப்பநிலை என்ன வைத்தாய் என்று இன்னும் சொல்லவில்லையே?